ஒரு கேள்விப் பெட்டிக்காகவே முடிச்ச கோர்ஸ்: ஆன்லைன் படிப்புல வர்ற ரிஃப்ளெக்ஷன் கேள்விகள் பத்தி என் ரிவ்யூ

எட்டு வார ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ் ஒண்ணு போன மாசம் முடிச்சேன். வீடியோ தரம், ஸ்லைடு, சர்டிஃபிகேட் இதப் பத்தியெல்லாம் பெருசா எழுதப் போறதில்ல, அதெல்லாம் இப்ப எந்த கோர்ஸ் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கு. எனக்கு இதுல மனசுல நின்னது ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு பாடத்துக்கும் அப்புறம் வந்த அந்த ரிஃப்ளெக்ஷன் கேள்வி. இதுக்கு முன்னாடி எடுத்த ஒரு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கோர்ஸ்லயும் இதே மாதிரி கேள்விப் பெட்டி இருந்துச்சு, அங்க அது என்னை கோர்ஸை விட்டே ஓட வச்சது, இங்க அதுதான் என்னை கடைசி வாரம் வரைக்கும் புடிச்சு வச்சது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சு யோசிச்சு இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா: க்விஸ் வேற, இது வேற. க்விஸ்ல ஒரு சரியான விடை இருக்கும். ரிஃப்ளெக்ஷன் கேள்வியில இது உங்க வேலையில எங்க வருது, இதுக்கு முன்னாடி நீங்க என்ன நினைச்சுட்டு இருந்தீங்க, எது இன்னும் புரியலன்னு கேப்பாங்க. விடை நம்மகிட்டதான் இருக்கும். இது புது ஐடியாவும் இல்ல. ஜான் டூயின்னு ஒரு அமெரிக்க தத்துவ அறிஞர் 1910லயே சிந்திக்கிறதைப் பத்தி தனியா ஒரு புத்தகம் போட்டு, ஒரு நம்பிக்கைக்கு என்ன ஆதாரம், அதுல இருந்து என்ன முடிவு வருதுன்னு நின்னு நிதானமா பார்க்கறதுதான் ரிஃப்ளெக்ஷன்னு எழுதிட்டாரு. அதை ஆன்லைன்ல கொண்டு வந்தவங்கள்ல பாதிப் பேரு பெட்டியை மட்டும் கொண்டு வந்துட்டு அந்த நிதானத்தை விட்டுட்டாங்கங்கறதுதான் என் வருத்தம்.

முதல்ல அந்த மோசமான அனுபவத்தை சொல்லிடறேன், பேரு வேண்டாம். 40 வீடியோவுக்கு மேல இருந்த கோர்ஸ். ஒவ்வொரு வீடியோ கீழயும் ஒரே ரெண்டு கேள்வி: "இந்தப் பாடத்துல நீங்க என்ன கத்துக்கிட்டீங்க? இதை உங்க வாழ்க்கையில எப்படி பயன்படுத்துவீங்க?" எழுதாம அடுத்த வீடியோ திறக்காது, குறைஞ்சது 100 எழுத்து எழுதியே ஆகணும். முதல் நாலு பாடத்துக்கு நான் உண்மையா உக்காந்து எழுதினேன். அஞ்சாவதுல கை சலிச்சிடுச்சு, பத்தாவதுல முன்னாடி எழுதினதையே காப்பி பண்ணிப் போட்டேன், சிஸ்டம் எடுத்துக்குச்சு. மத்தவங்க பதிலைப் பார்த்தா வரிசையா "நல்ல பாடம்", "மிகவும் பயனுள்ளது", சிலது வெறும் புள்ளி புள்ளியா 100 புள்ளி. இதைப் பார்த்து எனக்கு அவங்க மேல கோபம் வரல. கஷ்டமாதான் இருந்துச்சு. ஒவ்வொருத்தரும் வேலை முடிச்சுட்டு ராத்திரி கண்ணு சொக்க உக்காந்து படிக்க வந்தவங்க, அவங்கள இப்படி புள்ளி வைக்க வச்சது அந்தக் கேள்விதான்.

அதே கோர்ஸ்ல நடுவுல திடீர்னு கிப்ஸ் சைக்கிள்னு ஆறு பெட்டி வந்துச்சு. கிரஹாம் கிப்ஸ் 1988ல கொடுத்த முறை அது: என்ன நடந்தது, என்ன உணர்ந்தீங்க, எது நல்லா போச்சு எது போகல, ஏன் அப்படி, வேற என்ன செஞ்சிருக்கலாம், அடுத்த தடவை என்ன செய்வீங்க. நல்ல முறைதான், ஒரு நோயாளிகிட்ட பேசினது, ஒரு வகுப்பு எடுத்தது, ஒரு மீட்டிங் சொதப்பினது, இப்படி நாமளே செஞ்ச ஒரு அனுபவத்தை எடுத்து அலசறதுக்கு அருமையா உதவும். ஆனா காண்ட் சார்ட் (எந்த வேலை எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியும்னு பட்டை பட்டையா காட்டற அட்டவணை) பத்தி ஏழு நிமிஷ வீடியோ பார்த்து முடிச்ச உடனே "நீங்க என்ன உணர்ந்தீங்க"ன்னு கேட்டா நான் என்னத்த எழுத? எனக்கு அங்க அனுபவமே நடக்கலையே, நான் பார்த்தது ஒரு வீடியோதானே. அந்த இடத்துலதான் நான் கோர்ஸை மூடினேன்.

இப்ப இந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ். முதல் வாரம் சராசரி, மீடியன் (எண்களை வரிசையா அடுக்கினா நடுவுல நிக்கறது) பாடம். ஸ்கூல்ல படிச்சதுதானேன்னு வேகமா ஓட்டிட்டேன். கேள்வி என்ன வந்துச்சு தெரியுமா: "போன ஒரு மாசத்துல நீங்க யாருக்காவது சொன்ன, இல்ல யாராவது உங்ககிட்ட சொன்ன ஒரு சராசரியை எடுத்துக்கோங்க. அந்த எண்ணுக்குள்ள யாரு காணாம போயிருப்பாங்க?"

நான் கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பார்க்குற டீம்ல இருக்கேன். மாசாமாசம் ஒரு புகாரை தீர்க்க சராசரியா எத்தனை நாள் ஆச்சுன்னு ரிப்போர்ட் போடறது என் வேலை. இந்தக் கேள்வியைப் பார்த்துட்டு போன மாசத்து ஷீட்டை திறந்து ஒரு பத்து புகாரை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஒம்பது புகார் ஒரே நாள்ல முடிஞ்சிருக்கு, ஒண்ணு மட்டும் 21 நாள் இழுத்திருக்கு. கூட்டி வகுத்தா சராசரி 3 நாள். அந்த பத்து பேருல ஒருத்தருக்குக் கூட 3 நாள் ஆகல! மீடியன் 1 நாள். 21 நாள் காத்திருந்த அந்த ஒருத்தர் என் ரிப்போர்ட்ல எங்கயுமே இல்ல. இத்தனை வருஷமா நான் அனுப்பின எண் தப்பு இல்ல, கணக்கு சரிதான், ஆனா அந்த மனுஷனை நான்தான் மறைச்சு வச்சிருந்தேன். அன்னைக்கு ராத்திரி நான் அந்தப் பெட்டியில எழுதினது ரெண்டு பக்கத்துக்கு மேல போயிடுச்சு. அடுத்த மாசத்துல இருந்து ரிப்போர்ட்ல மீடியனும் அதிகபட்ச நாளும் சேர்த்துப் போடறேன், மேனேஜர் முதல்ல கேட்டது அந்த அதிகபட்ச நாளைப் பத்திதான்.

பாருங்க, ரெண்டு கேள்வியுமே "எப்படி பயன்படுத்துவீங்க"ங்கறதைத்தான் கேக்குது. ஆனா ஒண்ணு காத்துல கேக்குது, இன்னொண்ணு என் மேஜை மேல இருக்கற ஷீட்டை திறக்க வைக்குது. "போன ஒரு மாசத்துல", "நீங்க சொன்ன", "ஒரு சராசரி" இந்த மூணும்தான் அந்தக் கேள்வியோட உயிர். காலம் சொல்லியாச்சு, ஆள் சொல்லியாச்சு, எத்தனைன்னும் சொல்லியாச்சு. பொதுவா கேட்டா பொதுவாதான் பதில் வரும், இது நம்ம வீட்டுல பசங்ககிட்ட "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னு சொல்ற மாதிரிதான், "இன்னைக்கு யாரு பக்கத்துல உக்காந்த"ன்னு கேட்டாதான் வாய் திறக்கும்.

இன்னொரு விஷயம் ஆரம்பத்துல எனக்கு எரிச்சலா இருந்துச்சு. வீடியோ முடிஞ்ச உடனே கேள்வி திறக்காது, மறுநாள்தான் திறக்கும். சூட்டோட சூடா எழுதிட்டுப் போயிடலாமேன்னு நான் சப்போர்ட்டுக்கு மெயில் கூட போட்டேன். அவங்க பதில் அனுப்பினாங்க, வேணும்னேதான் அப்படி வச்சிருக்கோம்னு. அப்புறம் நானே தேடிப் படிச்சேன். நெல்சன், டன்லாஸ்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1991ல இதை சோதிச்சுப் பார்த்திருக்காங்க: படிச்ச உடனே "இது உனக்கு அப்புறம் ஞாபகம் வருமா"ன்னு கேட்டா மக்கள் தப்பா கணிக்கிறாங்க, கொஞ்சம் இடைவெளி விட்டு கேட்டா கணிப்பு ரொம்பவே துல்லியமாகுது. ஏன்னா படிச்ச உடனே எல்லாமே கண்ணு முன்னாடி நிக்குது, புரிஞ்ச மாதிரியே இருக்கு. இடைவெளி விட்டா நிஜமாவே உள்ள இருந்து தேடி எடுக்க வேண்டி வருது, அப்பதான் எது இருக்கு எது இல்லன்னு தெரியும்.

தேடி எடுக்கறதுக்கே தனி பலன் இருக்கு. ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006ல ஒரு சோதனை போட்டாங்க. மாணவங்க ஒரு பத்தியை ரெண்டு தடவை படிச்சாங்க, இன்னொரு பத்தியை ஒரு தடவை படிச்சுட்டு பார்க்காம ஞாபகத்துல இருந்து எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா திரும்பப் படிச்ச பத்திதான் அதிகம் ஞாபகம் இருந்துச்சு: 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழிச்சு வச்சா அப்படியே தலைகீழ், எழுதிப் பார்த்தது 56, திரும்பப் படிச்சது 42. இதைப் படிச்சப்பதான் அந்த மறுநாள் கேள்வி மேல எனக்கிருந்த எரிச்சல் போச்சு. மறுநாள் காலையில பெட்டியைத் திறந்து, பாடத்துல என்ன சொன்னாங்கன்னு மண்டைய சொறிஞ்சு யோசிச்ச அந்த ரெண்டு நிமிஷம் இருக்கே, முந்தின நாள் 15 நிமிஷ வீடியோவை விட அதுலதான் நான் அதிகம் கத்துக்கிட்டிருக்கேன்னு இப்ப தோணுது.

ஆறாவது வாரத்துல நடந்ததை சொல்லாம இந்த ரிவ்யூவை முடிக்கவே முடியாது. மூணாவது வாரம் பி-வேல்யூ பாடம், ஒரு ஆய்வு முடிவை எடை போட ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பயன்படுத்தற ஒரு எண் அது. கேள்வி: "பி-வேல்யூ 0.03னு வந்திருக்கு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரியாத ஒரு சொந்தக்காரருக்கு இதை விளக்குங்க." நான் ரொம்ப நம்பிக்கையா எழுதினேன்: "நாம சொல்றது சரியா இருக்க 97 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம் மாமா." க்விஸ்ல கூட அந்த வாரம் நல்ல மார்க்தான், அதனால சந்தேகமே வரல. யாரும் திருத்தவும் இல்ல. மூணு வாரம் கழிச்சு, இடையில இன்னும் ரெண்டு மூணு பாடம் போனதுக்கு அப்புறம், அந்தப் பதில் அப்படியே என்கிட்ட திரும்பி வந்துச்சு. சிவப்பு கோடு இல்ல, தப்புன்னு ஒரு வார்த்தை இல்ல. மேல என் பழைய பதில், கீழ காலிப் பெட்டி, நடுவுல ஒரே வரி: "இதை இன்னைக்கு எப்படி மாத்தி எழுதுவீங்க?"

முதல்ல எதுவும் மாத்த வேண்டாம்னுதான் தோணுச்சு. ரெண்டாவது தடவை படிச்சப்ப வயித்துல ஏதோ பண்ணுச்சு. நிஜமாவே வித்தியாசம் எதுவும் இல்லன்னு வச்சுக்கிட்டா, இப்படி ஒரு முடிவோ இதை விட பெரிய முடிவோ தற்செயலா வர வாய்ப்பு 3 சதவீதம், அவ்வளவுதான் பி-வேல்யூ சொல்லுது. நாம சொல்றது சரியா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு அது சொல்லவே இல்ல, அது வேற கேள்வி. இதை நானே கண்டுபிடிச்சு நானே மாத்தி எழுதினேன். யாராவது அன்னைக்கே தப்புன்னு சொல்லியிருந்தா "சரி"ன்னு தலையாட்டிட்டு மறந்திருப்பேன், இது என் கையெழுத்துல இருந்த தப்பை நானே புடிச்சது, இனிமே சாகுற வரைக்கும் மறக்காது.

ரிஃப்ளெக்ஷன் கேள்வின்னா கேட்டுட்டு விட்டுடறது இல்ல, திருப்பிக் காட்டறதும் சேர்ந்ததுதான்னு எனக்கு அன்னைக்குதான் புரிஞ்சது. எழுதின பதில் எங்கயோ டேட்டாபேஸ்ல போய் விழுந்து கிடந்தா, எழுதுறவனுக்கு அது தெரியும். யாருமே படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச கடுதாசியை யாரு மனசு விட்டு எழுதுவாங்க?

வாரக் கடைசியில இன்னொரு சின்னப் பெட்டி வரும், "இந்த வாரம் எது ரொம்ப குழப்பமா இருந்துச்சு", ரெண்டு வரிதான். இதுக்கு மடியஸ்ட் பாயின்ட்னு பேரு. ஃபிரெடரிக் மாஸ்டெல்லர்னு ஹார்வர்டுல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லிக் கொடுத்தவரு தன் வகுப்புல இதை செஞ்சு பார்த்துட்டு 1989ல எழுதினாரு, அதனால ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ்ல இதைப் பார்த்தப்ப எனக்கு தனி சந்தோஷம். எல்லாரோட குழப்பத்தையும் சேர்த்துப் பார்த்து திங்கள்கிழமை டீச்சர் அஞ்சு நிமிஷ ஆடியோ போடுவாங்க. அதுல ஒரு தடவை, நிஜ மதிப்பு எந்த எல்லைக்குள்ள இருக்கும்னு மதிப்பிடற கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் பத்தி, "உங்கள்ல நிறைய பேரு கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்ல குழம்பியிருக்கீங்க, அது உங்க தப்பு இல்ல, நான் காட்டின படம் சரியில்ல, வேற படம் போட்டிருக்கேன்"னு சொன்னாங்க. அந்தம்மாவை நான் நேர்ல பார்த்ததில்ல, ஆனா அந்த ஒரு வாக்கியத்துக்கு கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு.

மார்க் விஷயம். இந்த கோர்ஸ்ல ரிஃப்ளெக்ஷனுக்கு மார்க் கிடையாது, எழுதினா டிக் விழும், அவ்வளவுதான். பதிலை மத்தவங்க பார்க்கணுமா வேண்டாமான்னு ஒவ்வொரு தடவையும் நாமளே தேர்வு பண்ணலாம். இது ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன், ஏன்னா மார்க் வந்துட்டா நாம டீச்சருக்குப் புடிச்சதை எழுத ஆரம்பிச்சிடுவோம், "இந்தப் பாடம் என் பார்வையையே மாத்திடுச்சு"ன்னு. என் பி-வேல்யூ தப்பை நான் தைரியமா எழுதினதே யாரும் எடை போட மாட்டாங்கன்னு தெரிஞ்சதாலதான். மத்தவங்களுக்கு காட்டுற மாதிரி வச்சாலும், நாம எழுதி சப்மிட் பண்ண அப்புறம்தான் அவங்க பதில் நமக்குத் தெரியும். ஆன்லைன் கோர்ஸ் நடத்தப் பயன்படுத்தற மூடுல் (Moodle) மென்பொருள்ல கூட கேள்வி-பதில் ஃபோரம்னு இந்த மாதிரி ஒரு அமைப்பு ரொம்ப நாளா இருக்கு, கோர்ஸ் நடத்துறவங்க அதை ஏன் பயன்படுத்த மாட்டேங்கறாங்கன்னு தெரியல.

குறை இல்லையான்னா இருக்கு. அஞ்சாவது வாரம் மட்டும் ஏழு கேள்வி வச்சுட்டாங்க, அந்த வாரம் நான் ரெண்டுதான் எழுதினேன், மொத்தம் வந்த 22ல 17தான் என் கணக்கு. வாரத்துக்கு ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு, அதுக்கு மேல தாங்காது. ஃபோன்ல எழுதும்போது வேற ஆப்புக்குப் போயிட்டு வந்தா எழுதினது போயிடும், டிராஃப்ட் சேவ் ஆகாது, எனக்கு ரெண்டு தடவை நீளமான பதில் போச்சு, ரெண்டாவது தடவை திரும்ப எழுத மனசே வரல. இப்படி ஒரு கோர்ஸுக்கு இது மன்னிக்க முடியாத குறை, உடனே சரி பண்ணணும்.

அதை விட பெரிய குறை, பேசி பதிவு பண்ற வசதி இல்லாதது. கூட வேலை பார்க்குற அக்கா ஒருத்தங்க என்னோடயே சேர்ந்தாங்க, ரெண்டு சின்னப் பசங்க வீட்டுல. ரெண்டாவது வாரத்தோட எழுதுறதை நிறுத்திட்டாங்க. "ஏன்க்கா, அதுதானே இதுல நல்லாருக்கு"ன்னு கேட்டேன். "எனக்கு யோசிக்க டைம் இருக்குப்பா, சமைக்கும்போது, துணி மடிக்கும்போது யோசிச்சுட்டேதான் இருக்கேன், உக்காந்து டைப் பண்ணத்தான் நேரம் இல்ல"ன்னாங்க. எனக்கு சுருக்குனு இருந்துச்சு. யோசனை அவங்ககிட்ட இருக்கு, பெட்டி அதை வாங்கிக்கத் தெரியாம நிக்குது. ஒரு மைக் பட்டன் வச்சிருந்தா அந்த அக்காவோட 22 பதிலும் வந்திருக்கும். எந்த மொழியில வேணா எழுதலாம்னு விட்டிருக்காங்க, நான் முழுக்க தமிழ்லதான் எழுதினேன், அதுக்கு நன்றி, பேசவும் விட்டா முழுமையாகும்.

சாட்ஜிபிடியில கேள்வியைப் போட்டு பதில் எடுத்து ஒட்டிடலாமேன்னு கேப்பீங்க. ஒட்டலாம். அந்தப் பழைய கோர்ஸோட "என்ன கத்துக்கிட்டீங்க" கேள்விக்கு அது என்னை விட அழகா எழுதும். ஆனா போன மாசம் நீங்க சொன்ன சராசரி என்னன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கற்பனையா ஒண்ணை எழுதிக் கொடுக்கும், அது மூணு வாரம் கழிச்சு உங்ககிட்ட திரும்பி வரும், நீங்க எழுதாத பதிலை நீங்களே திருத்த உக்காரணும். அதுல கிடைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

உங்க கோர்ஸ்ல அந்த பொதுவான கேள்விதான் இருக்குன்னா, நான் இப்ப செய்யறதை சொல்றேன். கேள்வியை நானே திருத்திக்கிறேன். "என்ன கத்துக்கிட்டீங்க"ன்னு இருந்தா "நேத்து வரைக்கும் நான் தப்பா நினைச்சிருந்தது எது"ன்னு மாத்திக்கிறேன். "எப்படி பயன்படுத்துவீங்க"ன்னு இருந்தா "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள எந்த ஃபைல்ல, எந்த மெயில்ல"ன்னு மாத்திக்கிறேன். அன்னைக்கே எழுதாம மறுநாள் எழுதுறேன், எழுதினதை காப்பி பண்ணி ஒரு நோட்ல போட்டு மூணு வாரம் கழிச்சு ரிமைண்டர் வச்சுக்கிறேன். கோர்ஸ் செய்யாததை நாமளே செய்ய வேண்டியிருக்கு, ஆனா வேலை செய்யுது.

ரேட்டிங்: கேள்விகளுக்கு அஞ்சுக்கு அஞ்சு. அந்தப் பெட்டியோட தொழில்நுட்பத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு, அதுக்கு மேல குடுக்க மனசு வரல. பாடத்தை வேகமா முடிச்சு சர்டிஃபிகேட் மட்டும் வேணும்னு வர்றவங்களுக்கு இது ஒத்துவராது, வாரத்துக்கு வீடியோ போக ஒரு மணி நேரம் தனியா ஒதுக்க முடியறவங்க கண்டிப்பா எடுங்க.

சேர்றவங்க முதல் நாளே செட்டிங்ஸ்ல போய் "பழைய பதில்களை எனக்கு அனுப்பு"ங்கறதை ஆன் பண்ணிடுங்க. ஏன்னே தெரியல, அதை ஆஃப்லயே வச்சிருக்காங்க, நான் தற்செயலா பார்த்துதான் ஆன் பண்ணேன். கோர்ஸ் முடிஞ்சும் மூணு மாசத்துக்கு அந்த மெயில் வருமாம், எனக்கு அடுத்தது வர்ற வாரம் வரணும், முதல் வாரத்துல சராசரி பத்தி எழுதின அந்தப் பதில்தான் வரும்னு நினைக்கிறேன்.